பங்களாப்பேட்டையில் ஒரு பிடி மஞ்சள்

சம்பந்தி,

தோளில் இன்னும் சாமந்தி வாசனை போகவில்லை. மலையிலிருந்து இறங்கி வந்து வெந்நீரில் குளித்து, கழுத்து வரைக்கும் தைலம் தேய்த்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்த பிறகும், மூக்குக்குப் பக்கத்தில் யாரோ பூக்கடை போட்டு உட்கார்ந்திருப்பதுபோல இருக்கிறது. என் மனைவி அடிக்கடி வந்து எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறாள். "காவடி தூக்கினது நீங்கதானா, இல்ல உங்க மாதிரி வேற யாராவது வேஷம் கட்டிகினு வந்தாங்களா?" என்று கேட்கிறாள். கேட்கட்டும். எனக்கே அந்தச் சந்தேகம் இருக்கிறது.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா? மலையடிவாரத்தில் பெயின்ட் கடை வைத்திருப்பவன். ஆடிக் கிருத்திகை வந்தால் ஊருக்கெல்லாம் திருவிழா, எனக்கு மட்டும் தலைவலி. கடை வாசலில் பந்தல், பந்தலுக்கு முன்னால் மோர்ப்பானை, அதற்கு முன்னால் காவடிக் கூட்டம். நான் கல்லாவில் உட்கார்ந்தபடி, "வழிய விடுங்கய்யா, இங்க ஒருத்தன் கடை தொறந்து வெச்சிருக்கான்" என்று கத்துவேன். பிறந்ததிலிருந்து இந்த மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒரு நாளும் தோளில் ஒரு பூச்சரம்கூடத் தூக்கினதில்லை. அப்படிப்பட்டவன் இன்று மஞ்சள் வேட்டியோடு, சரவணப் பொய்கையில் முழுகிவிட்டு, படியேறினேன். எல்லாம் உங்களால் வந்தது.

நம் பழக்கம் ஆரம்பித்த லட்சணம் நினைவிருக்கிறதா? என் மகளுக்கும் உங்கள் மகனுக்கும் நடந்த கல்யாணத்தில், பள்ளிப்பட்டிலிருந்து வேன் வைத்து வந்த உங்கள் ஆட்களுக்கு இரண்டாவது முறை வடை வைக்கவில்லை என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். வடை தீர்ந்துபோனால் நான் என்ன செய்வேன்? தறி வைத்திருப்பவருக்கு இவ்வளவு ரோஷமா என்று நானும் விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு நமக்குள் பேச்சே இல்லை. பிள்ளைகள் சிட்னிக்குக் குடிபோன பிறகு பேசவேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று.

என் மகள் உண்டாகியிருந்தபோது பிரசவம் பார்க்க என் மனைவி கிளம்பினாள். அவளுக்குப் பெட்டி தூக்க நான் கிளம்பினேன். சென்னை விமான நிலையத்தில் பார்த்தால், தோளில் ஒரு ஜமக்காளத்தைச் சுருட்டிப் போட்டுக்கொண்டு நீங்கள் நிற்கிறீர்கள். சம்பந்தியம்மாவுக்கு விமானம் என்றால் பயம், அதனால் தனியாக. என்னைப் பார்த்ததும், "ஆங், பாவா, வந்துட்டீங்களா" என்று உங்கள் தெலுங்கு வழக்கப்படி மைத்துனர் முறை வைத்துக் கூப்பிட்டீர்கள். வடை விவகாரம் நடக்காத மாதிரி! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அங்கே போனால், நம் இரண்டு பேருக்கும் ஒரே அறை. பிள்ளைகள் குடியிருந்தது ஒரு பெரிய பங்களாவின் பின்பக்கத்தில் இருந்த சின்ன வீடு. முன்பக்கத்துப் பங்களாவில் வீட்டுக்காரம்மா மார்கரெட் தனியாக இருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், வெள்ளைத் தலை, ஆண்பிள்ளைச் சட்டை. நீங்கள் முதல் நாளே அவருக்கு மார்க்கம்மா என்று பெயர் வைத்துவிட்டீர்கள். அந்தப் பேட்டையின் பெயர் உங்கள் வாயில் நுழையவில்லை, அதற்கும் ஒரு பெயர் வைத்தீர்கள்: பங்களாப்பேட்டை.

பேர் என்னவோ பொருத்தம்தான். கடல் ஊருக்குள் புகுந்து நிற்கிற இடம், மேடும் பள்ளமுமான கரை முழுக்கப் பங்களாக்கள். நம் பக்கம் வீடு தெருவைப் பார்த்து நிற்கும். அங்கே ஒவ்வொரு வீடும் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நின்றது. தெருப்பக்கம் மதில், மதிலுக்கு மேல் கத்தரித்த செடி, ஒரு கதவு, அவ்வளவுதான். தண்ணீர்ப்பக்கம் போய் அண்ணாந்து பார்த்தால் முழுக்க முழுக்கக் கண்ணாடி. கீழே துறையில் வெள்ளைப் படகுகள் சும்மா நின்று ஆடிக்கொண்டிருந்தன. அவற்றை ஓட்டிக்கொண்டு போகிற ஆளை நான் ஒரு நாளும் பார்க்கவில்லை. தெருவில் ஒரு டீக்கடை கிடையாது, ஒரு சைக்கிள் மணி கிடையாது. ஸ்வெட்டர் போட்ட நாய்கள் மட்டும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடந்தன.

"இன்னா பாவா, ஊரே வூட்டுக்குள்ள பூந்துகினு கதவ சாத்திகினு கீது. யாருக்காவது ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டீர்கள். இதுதான் பணக்காரர்கள் இருக்கிற இடம், இங்கே இப்படித்தான் இருப்பார்கள் என்றேன். "பாவம்" என்றீர்கள். நான் சிரித்துவிட்டேன். வடைக்குப் பிறகு உங்கள் எதிரில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

பெண்களுக்கு ஆயிரம் வேலை, நம்மால் ஒரு பிரயோசனமும் இல்லை. "ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய போய்ட்டு வாங்களேன்" என்று என் மனைவி தினமும் விடிந்ததும் நம்மைக் கிளப்பி விட்டுவிடுவாள். கல்படி வழியே இறங்கினால் தண்ணீர் ஓரமாகப் பூங்கா, அதன் முனையில் படகுத்துறை. பயணிகளை ஏற்றிக்கொண்டு நகரத்துக்குப் போகும் படகு வரும். ஒவ்வொரு படகுக்கும் நீங்கள் எழுந்து நின்று கையை ஆட்டினீர்கள். மானம் போகிறது, உட்காருங்கள் என்று நான் சட்டையைப் பிடித்து இழுப்பேன். ஒரு வாரத்தில், கயிறு போடுகிற பையன் உங்களைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி ஆட்ட ஆரம்பித்தான். நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள்.

அந்தப் பூங்காவில்தான் மரம் இருந்தது. அத்தி இனம், ஆனால் நம் ஊர் ஆலமரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி போல அகலம். ஒரு பக்கம் முழுக்க இலை பழுத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. அடிமரத்தைச் சுற்றி மஞ்சளாக ஒரு நாடா கட்டியிருந்தார்கள். மஞ்சள் கட்டின மரத்தைக் கண்டால் நம் பக்கத்து ஆளுக்குக் கையும் காலும் தானாக வேலை செய்யும். நீங்கள் செருப்பைக் கழற்றினீர்கள். நானும் கழற்றினேன், அதைச் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். நாடாவில் ஏதோ அச்சடித்திருந்தது. என் கண்ணாடி வீட்டில். "யாரோ பேரு எழுதி வேண்டிகினு கட்டியிருக்காங்க பாவா. இவங்களுக்கும் கஷ்டம் இல்லாமயா பூடும்" என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள்.

வேர்மேட்டில் விரல் நுழைகிற அளவுக்கு வரிசையாகத் துளைகள். வண்டு துளைத்திருக்கிறது என்றீர்கள். மறுநாள் வேட்டி மடிப்பில் பொட்டலம் கட்டி மஞ்சள்தூள் கொண்டுவந்தீர்கள். தண்ணீர் விட்டுக் குழைத்து, குழந்தையின் காயத்துக்குப் பத்துப் போடுகிற மாதிரி ஒவ்வொரு துளையிலும் வைத்து அடைத்தீர்கள். பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் ஊற்றினீர்கள். நான் காவல் நின்றேன். தினமும் இதுதான் வேலையாகப் போயிற்று. வீட்டில் என் மனைவி, "நேத்துதான் மஞ்சத்தூள் டப்பாவ ரொப்பினேன், எங்கதான் போகுதோ" என்று புலம்பிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் காலையில் திரும்பிப் பார்த்தால் மார்க்கம்மா நிற்கிறார். கையில் போன், நம்மைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். முகம் சிவந்து கிடந்தது. நீங்கள் மஞ்சள் கையைத் தூக்கி வணக்கம் வைத்தீர்கள். அவர் விறுவிறுவென்று படியேறிப் போய்விட்டார். அன்று சாயந்திரமே சீருடை போட்ட இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, நம் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, மிச்சமிருந்த பொட்டலத்தைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள்.

மாப்பிள்ளை சொன்ன பிறகுதான் நமக்கு விஷயமே புரிந்தது. அந்த மரத்துக்கு யாரோ விஷம் வைத்திருக்கிறார்கள். ராத்திரியில் வந்து துளை போட்டு ஊற்றியிருக்கிறார்கள். மரம் பட்டுப்போனால் மேலே இருக்கிற பங்களாக்களுக்குத் தண்ணீர் முழுசாகத் தெரியும், தெரிந்தால் வீட்டின் மதிப்பே வேறு. மஞ்சள் நாடா நகரசபை கட்டினது, யாரும் கிட்டே போகக்கூடாது என்று. அந்த மரத்தைக் காப்பாற்றப் பேட்டையில் ஒரு குழு இருக்கிறது, அதற்குத் தலைவியே மார்க்கம்மாதான். வேறு யாரோ பங்களாக்காரர் காசு கொடுத்து ஏவிவிட, தன் வீட்டில் குடியிருப்பவர்களின் அப்பாக்களே தினமும் வந்து விஷம் வைக்கிறார்கள் என்று அவர் நினைத்துவிட்டார்.

"வூட்ட காலி பண்ணுன்னு சொன்னா எங்கப்பா போறது? இந்த வாரமோ அடுத்த வாரமோன்னு கீறேன்" என்று என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ரெண்டு பேருக்கும் வேற மரமே கெடைக்கலயா?" மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. அந்தப் பக்கத்தில் அவர்கள் தாங்கக்கூடிய வாடகைக்கு வேறு வீடு கிடையாது. ஆஸ்பத்திரி பக்கம், வேலை பக்கம் என்று தேடித் தேடிப் பிடித்த வீடு அது. தொட்டில்கூட மாட்டியாகிவிட்டது.

நான் உங்கள்மேல் பாய்ந்தேன். "நீங்களும் உங்க மஞ்சளும்! என் பொண்ண நடுத்தெருவுல நிறுத்தறதுக்கா பிளேன் ஏறி வந்தீங்க?" என்று என்னவெல்லாமோ சொன்னேன். வடையையும் இழுத்தேன் என்று நினைக்கிறேன். நீங்கள் தயிர்சாதத்தைக் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, "மரத்துக்கு வெஷம் வெப்பாங்களா பாவா? நெஜமாவா?" என்று மட்டும் கேட்டீர்கள். பிறகு, "நாளைக்கி மார்க்கம்மாவ நான் பாத்துப் பேசறேன்" என்றீர்கள்.

"எந்த பாஷையில?"

"தெலுங்குலதான். தமிழ் எனக்கு அந்த அளவுக்கு வராதே."

விடிந்தும் விடியாததுமாகக் கட்டிலைப் பார்த்தால் நீங்கள் இல்லை. சமையலறையில் மஞ்சள் டப்பாவும் இல்லை. சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் முன்பக்கம் ஓடினேன். மார்க்கம்மா கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார். நீங்கள் அவர் எதிரில் டப்பாவைத் திறந்தீர்கள். முகர்ந்து பாருங்கள் என்று நீட்டினீர்கள். அவர் பின்வாங்கினார். அப்போதுதான், சம்பந்தி, அந்தக் காரியத்தைச் செய்தீர்கள். டப்பாவுக்குள் கையை விட்டு ஒரு பிடி மஞ்சளை அள்ளி அப்படியே வாயில் போட்டுக்கொண்டீர்கள்.

அட கடவுளே! மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கண் இரண்டும் பிதுங்கி, மூக்கு வழியாக மஞ்சள் புகையாக வந்தது. இருமுகிறீர்கள், ஆனால் துப்பவில்லை. மார்க்கம்மா அலறிக்கொண்டு உள்ளே ஓடித் தண்ணீர் கொண்டுவந்தார். வாங்கிக் குடித்துவிட்டு, வாயைத் திறந்து நாக்கை நீட்டிக் காட்டினீர்கள், பாருங்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்பதுபோல. பிறகு தறியில் குறுக்கே ஓடுகிற நாடாக்கட்டை எகிறி அடித்துப் பழைய தழும்பாகிப்போன உங்கள் முழங்கால் எலும்பைக் காட்டி, அதன்மேல் மஞ்சளைத் தேய்த்து, ஆறிவிட்டது என்று கையைத் தட்டிக் காட்டினீர்கள். மரம் இருந்த பக்கம் விரலை நீட்டினீர்கள். கடைசியாகப் பின்பக்கத்து வீட்டைக் காட்டி, வயிறு மாதிரி கையால் வளைத்து, இல்லாத ஒரு குழந்தையைத் தோளில் போட்டு ஆட்டினீர்கள். அதற்கு மட்டும் வாய் திறந்து தெலுங்கில் ஒரே ஒரு வார்த்தை சொன்னீர்கள். "தல்லி", அம்மா என்று. அவரையா, என் மகளையா, மரத்தையா, யாரைச் சொன்னீர்களோ.

மார்க்கம்மா கதவை முழுசாகத் திறந்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் தாடையில் வழிந்த மஞ்சளைத் தன் சட்டைக் கையாலேயே துடைத்துவிட்டார். பொட்டலத்தைக் கொண்டுபோனவர்கள் சில நாள் கழித்து, அது சமையல் மஞ்சள்தான் என்று சொல்லியனுப்பினார்கள். அதற்குள் நாம் மூன்று பேராக மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோம். நகரசபையில் அனுமதி வாங்கினது மார்க்கம்மா. நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போவதைப் பார்த்து அவரும் அந்தக் குளிரில் பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தார். பேட்டையில் கதவைச் சாத்திக்கொண்டிருந்த நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க இறங்கி வந்தார்கள். வந்தவர்கள் கையில் நீங்கள் பாட்டிலைக் கொடுத்துவிட்டீர்கள்.

அந்த வாரமே பாப்பா பிறந்தாள். மார்க்கம்மா மஞ்சள் நூலில் ஒரு குல்லாய் பின்னிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். வீட்டைக் காலி செய்கிற பேச்சு அதற்குப் பிறகு எழவேயில்லை.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள், மஞ்சள் துணியில் நம் ஊர்க் காசு ஒன்றை முடிந்து, நகரசபை நாடாவுக்குக் கீழே கட்டினீர்கள். "பாப்பாதான் நல்லபடியா பொறந்துட்டாளே, இன்னும் இன்னா வேண்டுதல்?" என்று கேட்டேன்.

"பாப்பாவுக்கு டாக்டரு கீறாரு, உங்க பொண்ணு கீறா, மார்க்கம்மா கீறாங்க. இதுக்கு யாரு கீறா பாவா? மரம் தழைஞ்சா தணிகமலைக்குப் பூக்காவடி எடுத்துகினு வரேன்னு வேண்டிகினேன்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "சிட்னி மரத்துக்குத் திருத்தணி முருகனா? அவருக்கு இந்த ஊருக்கு வழி தெரியுமா?"

"மயில் மேல உக்காந்துகினு உலகத்தையே சுத்தி வந்தவரு. வராம பூடுவாரா?" என்றீர்கள். பிறகு, "நீங்களும் கூட வாங்க பாவா" என்றீர்கள். ஆளை விடுங்கள், ஆடிக் கிருத்திகை அன்றைக்கு எனக்குக் கடை வாசலைப் பார்க்கவே நேரம் சரியாக இருக்கும் என்றேன்.

ஊருக்கு வந்த பிறகு வாரா வாரம் பஸ் பிடித்து என் கடைக்கு வந்தீர்கள். பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்து டீ குடிப்பீர்கள். பாப்பா குப்புற விழுந்தாளா என்று கேட்பீர்கள், மூச்சுவிடாமல் மரத்தையும் கேட்பீர்கள். அடுத்த ஆடியும் வந்து போயிற்று. மரத்திலிருந்து சேதி ஒன்றும் இல்லை. "மொட்டையாதான் நிக்குதாம்" என்றேன். "தழையும் பாவா. அதுக்கு இன்னா அவசரம்" என்றீர்கள். புரட்டாசியில் ஒரு காலை, தறியை ஓட்டிவிட்டுத் தண்ணீர் கேட்டு உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டீர்கள் என்று சம்பந்தியம்மா போன் செய்தார். நான் பள்ளிப்பட்டு வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது.

கார்த்திகையில் மாப்பிள்ளை ஒரு வீடியோ அனுப்பினார். அங்கே குளிர் முடிந்து வெயில் ஏறுகிற காலம். பாப்பா ஒரு கையால் மார்க்கம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் மேலே காட்டுகிறாள். உங்கள் மஞ்சள் துணி வெளுத்து வெள்ளையாகியிருந்தது. அதற்கு மேலே, பட்டுப்போச்சு என்று எல்லோரும் கைவிட்ட அந்தப் பக்கத்துக் கிளையில், நெடுக இலை. பளபளவென்று புது இலை. பின்னால் மாப்பிள்ளையின் குரல்: "மாமா, மார்க்கம்மா கேக்கறாங்க, பூக்காவடி எப்போன்னு."

எனக்கு முதலில் உங்கள்மேல் கோபம்தான் வந்தது சம்பந்தி. வேண்டிக்கொண்டு போனவர் நீங்கள், கேள்வி கேட்கிறார்கள் என்னை. பிறகு கடையை உள்பக்கமாகச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஆடிக் கிருத்திகையான இன்று காலை சம்பந்தியம்மா பள்ளிப்பட்டிலிருந்து வந்து, "ஜாக்கிரதையா ஏறுங்கண்ணா" என்று என் கையில் காப்பு கட்டினார். உங்கள் தறிக்காரர்கள் காவடியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். வளைவு முழுக்கச் சாமந்தி, ஓரத்தில் மயில்பீலி. பாரம் என்றால் பாரம். என் கடை வாசலைத் தாண்டும்போது, கல்லாவில் இருந்த என் கடைப் பையன் எழுந்து நின்றுவிட்டான். நானே பழக்கதோஷத்தில், "வழிய விடுங்கய்யா" என்று கத்தினேன். கூட்டம் "அரோகரா" என்று பதில் கொடுத்தது.

பாதிப் படியில் மூச்சு வாங்க நின்றேன். பக்கத்தில் பால்குடத்தோடு நின்ற ஒரு அம்மா, "யாருக்குங்க பெரியவரே வேண்டுதல்? ஒடம்பு சரியில்லாதவங்களுக்கா?" என்று கேட்டார்.

"ஆங். ரொம்ப மோசமாத்தான் இருந்துது. இப்ப இலை விட்டுடுச்சு" என்றேன்.

அவர் ஒரு நொடி யோசித்தார். "அப்ப இனிமே பயமில்லிங்க" என்று சொல்லிவிட்டு மேலே நடந்தார். இதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

மேலே காவடியை இறக்கிவைத்த பிறகு, பிரசாதத் தட்டில் ஒரு ஓரமாக மஞ்சள் இருந்தது. என்ன தோன்றியதோ, யாரும் பார்க்காதபோது ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் போட்டுக்கொண்டேன். கசப்பும் காறலும் தொண்டையைப் பிடித்துக்கொண்டன, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு சிட்டிகைக்கே இந்தக் கதி. நீங்கள் ஒரு பிடியை விழுங்கினீர்கள், துப்பாமல், முந்தின நாள் ராத்திரி உங்களை வாய்க்கு வந்தபடி பேசினவனின் மகளுக்கு ஒரு கூரை நிலைக்கட்டும் என்று. அன்றைக்கு நான் பொத்தான் போடாமல் நின்று வேடிக்கை பார்த்தேன், ஒரு நன்றி சொன்னேனா என்றுகூட நினைவில்லை.

தோள்வலி இரண்டு நாளில் போய்விடும். பூவாசனையும் போய்விடும். நாக்கில் அந்தக் காறல் மட்டும் இன்னும் இருக்கிறது சம்பந்தி. மனைவி காபி கொண்டுவந்து வைத்திருக்கிறாள். ஆறினாலும் பரவாயில்லை, கொஞ்ச நேரம் கழித்துக் குடிக்கிறேன்.